முப்பத்திரண்டு அறைகள்

பரதராமியில் என் மேசைக்கு இரண்டு மாநிலம்.
கைப்பேசியை ஜன்னல் பக்கம் தள்ளினால்
ஆந்திரம் வரவேற்கிறது.
இந்தப் பக்கம் இழுத்தால் மறுபடி தமிழ்நாடு.
நடுவில் சில விநாடி
அதற்கு எந்த ஊரும் இல்லை,
தேடிக்கொண்டிருக்கும்.

ஜூன் மாதம். சித்தூர் சாலையில்
மாங்கூழ் ஆலைக்கு வெளியே
விளக்கணைத்த லாரிகள்.
அந்த வரிசைக்கு டோக்கன் ஆப் எழுதியவள் நான்.
லாரிக்கு ஐந்து கேள்வி:
வந்ததா. எடை போட்டதா. தரம் பார்த்ததா.
இறக்கியதா. போய்விட்டதா.
ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை.
இதில் என்ன தப்பு வரும் என்றுதான் நினைத்தேன்.

பதினொன்றரைக்கு ஜெயவேலு கூப்பிட்டார்.
"ஏம்மா, உங்க ஆப்புல நான் கெளம்பிட்டேன்னு காட்டுது.
சாயங்காலத்துலேர்ந்து கேட்டுக்கு வெளியதான் நிக்கறேன்.
அப்ப வீட்டுக்குப் போனவன் யாரு?"

திறந்து பார்த்தேன்.
வரவில்லை.
எடை போட்டாயிற்று.
போய்விட்டது.
மூன்றும் ஒரே லாரி, 4417.

எடைமேடையில் சுதர்சன நாயுடு
'சிக்னல் ராலேது' என்று
கைக்கு வந்த பட்டனையெல்லாம் அழுத்தியிருக்கிறார்.
அழுத்திய ஒவ்வொரு தரமும்
என் கோடு தலையாட்டியிருக்கிறது.

ஐந்து ஆம்-இல்லைக்கு முப்பத்திரண்டு அறை.
ஆள் குடியிருப்பது ஆறில்.
மிச்சம் இருபத்தாறும் நானே கட்டி
நானே பூட்டாமல் விட்டவை.
வாசலுக்கு வாசல் ஒரு 'இப்படியென்றால்',
அதற்குள் இன்னொரு 'இப்படியென்றால்',
எல்லாம் தூங்கிப்போன காவல்காரர்கள்.

பழைய எடைச்சீட்டின் பின்பக்கம்
வட்டங்கள் போட்டேன், நடுவே அம்புகள்.
லாரி எப்போதும் ஒரு வட்டத்தில்.
ஒன்றே ஒன்றில்.
அம்பு இருந்தால் போகலாம்.
இல்லையென்றால்
நாயுடு விடிய விடிய அழுத்தினாலும்
நின்ற இடத்தில் நில்.
கிளம்பு என்றால், இறக்காத லாரிக்குக்
காது கேட்காது.

நானூறு வரி அழிந்தது.
இத்தனை செவிடாக ஒரு கோடு நான் எழுதியதில்லை.
பிஸ்கட் தீர்ந்திருந்தது, தண்ணீர் குடித்தேன்.
தரம் பார்க்கும் வட்டத்திலிருந்து இரண்டு அம்பு:
ஒன்று இறக்குமிடத்துக்கு,
ஒன்று நிராகரிப்புக்கு.
நிராகரிப்பைச் சுற்றி இரட்டைக் கோடு.
அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று அர்த்தம்.

இரண்டரைக்கு மறுபடி ஜெயவேலு.
கையால் எழுதி உள்ளே விட்டிருக்கிறார்கள்.
எடை போட்டு, ஒரு பழத்தை அறுத்துப் பார்த்து,
அடிச்சரக்கு குழைந்துவிட்டது என்று
திருப்பிவிட்டார்கள்.
"'முடிந்தது'ன்னு வருதும்மா.
எனக்கு எங்க முடிஞ்சுது?"

கிளிமூக்கு மாங்காய்க்கும் வட்டங்கள் உண்டு:
காய், செங்காய், கனி, அழுகல்.
திரும்பி வரும் அம்பு
அதில் யாரும் வரையவில்லை.
ஒன்பது மணி நேரம்
ஆளில்லாத என் அறை ஒன்றில்
அது வெந்துகொண்டிருந்திருக்கிறது.
இதை அவரிடம் சொல்லத் தெரியவில்லை.
"இப்ப என்னன்னு போடட்டும்?" என்று மட்டும் கேட்டேன்.

கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தம்.
"காத்திருக்குன்னு போடாதீங்க.
காத்திருந்தா யாராச்சும் கூப்புடுவாங்க.
அலையுதுன்னு போடுங்க."

இரட்டைக் கோட்டில் ஒன்றை அடித்தேன்.
பக்கத்தில் புது வட்டம்: அலைகிறது.
அதிலிருந்து வேறொரு ஆலைக்கு ஓர் அம்பு,
குடியாத்தம் மண்டிக்கு ஓர் அம்பு.
மூன்றாவது
ரோட்டோரப் பள்ளத்துக்கு.
வரையாமல் விட்டாலும் லாரி போகும்,
ஆப்புக்குத்தான் தெரியாமல் போகும்.
வரைந்தேன்.

விடிவதற்குள் 4417 நகர்ந்தது.
எந்த அம்பில் என்று இன்னும் வரவில்லை.
மேசை மேல் கைப்பேசி,
நான் தொடவே இல்லை,
தேடிக்கொண்டிருந்தது.