இருபது டிகிரி

செவ்வாயன்று ஆலையிலிருந்து திரும்பியபோது
நடையில் ஒரு சூட்கேஸ் நின்றது.
பழுப்பு நிறம், மூலைகளில் தகரம்.
தூக்கிப் பார்த்தேன். கனத்தது.
எங்கே கிளம்புகிறாய் என்று நான் கேட்கவில்லை.
எண்டெலும் எதுவும் சொல்லவில்லை.
நான்கு நாள்
உப்புக் குப்பியைக்கூட
மேசைமேல் தள்ளித்தான் கொடுத்துக்கொண்டோம்.

வெள்ளி இரவு அதைக் குளியலறையில் திறந்தான்.
உள்ளே சட்டை இல்லை. சவரக் கத்தி இல்லை.
மடக்கிய இரும்புத் தண்டு, விளக்குக் கூண்டு, ஒரு லென்ஸ்.
பெட்டியே பலகையாக
எழுந்து நின்றது ஒரு என்லார்ஜர்.
துண்டில் சுற்றி ஒரு பேக்லைட் டப்பா,
மூடியின் விளிம்பு கொஞ்சம் உடைந்தது.
தார்த்து ஸ்டேஷன் பக்கம் யாரோ ஒரு விதவை
விற்றாளாம்,
என் பூட்ஸுக்கு வைத்திருந்த பணத்துக்கு.

ஆக, அவன் போகவில்லை.
ஆக, என் பூட்ஸ் போயிற்று.
எதற்கு முதலில் கோபப்படுவதென்று தெரியாமல்
கதவிடுக்கில் கம்பளியைத் திணித்தேன்.

விளக்கணைந்தது.
மரம் அறுத்துப் பிளந்த விரல்கள் அவனுக்கு.
சுருளின் பள்ளத்தில் ஏறாமல்
ஃபிலிம் மடங்குகிறது, நெளிகிறது, மறுபடி மடங்குகிறது.
இருட்டில் மூக்கை உறிஞ்சினான்.
"கொடு."
நான்கு நாளில் என் முதல் சொல்.
கையுறை தைப்பவள் நான்.
நுனி எங்கே என்று விரலுக்குத் தெரியும்.
இடம், வலம், இடம், வலம்,
நண்டு வளைக்குள் போவதுபோல்
முழுதும் உள்ளே போயிற்று.

குழாய்த் தண்ணீர் ஆறு டிகிரி.
டெவலப்பருக்கு இருபது வேண்டுமாம்.
பாட்டிலைக் கம்பளிச்சட்டைக்குள் செருகிக்கொண்டு
தொட்டி விளிம்பில் உட்கார்ந்தேன்,
நெஞ்சோடு ஜனவரியை அணைத்தபடி.
டப்பாவைத் துண்டால் மூடிவிட்டு
தீக்குச்சி கிழித்து வெப்பமானியைப் பார்க்கிறான்.
பதினான்கு.
பதினேழு.
மூன்று டிகிரிக்கு எவ்வளவு நேரம்!

ஊற்றியபிறகு விளக்குப் போடலாம்.
உடைந்த விளிம்பில் ஒளி கசியும் என்றான்.
இருக்கலாம்.
கடிகாரம் தெரியாததால் எண்ணவேண்டியிருந்தது.
அவன் குமிழைத் திருக, நான் எண்ணினேன்.
நூற்றெழுபதில் தடுமாறினேன்,
நூற்றெழுபத்தொன்றை அவன் எடுத்துக்கொண்டான்.
நான்கு குடும்பத்துக்கு ஒரே குளியலறை:
இருநூற்றுப் பத்தில் லெய்டா கதவை இடித்தாள்.
"இருநூற்றுப் பதினொன்று!"
இருவரும் சேர்ந்து கத்தினோம்.
செருப்புச் சத்தம் முணுமுணுத்துக்கொண்டே போயிற்று.

இப்போது என் காலுறைகளுக்கு நடுவே
கொடியில் சொட்டுகிறது ஃபிலிம்.
என் கூந்தல் வெளுத்திருக்கிறது, வானம் கருத்திருக்கிறது.
பாதிப் படங்களில் எதுவும் இல்லை.
மூன்றில் மட்டும் வாசற்படி,
கரிய பனியில் வெள்ளைவெளேரென்று
என் ஒழுகுகிற பூட்ஸ்.
இதை எதற்கு எடுத்தாய் என்றேன்.
"அவைதான் அசையாமல் நின்றன" என்றான்.