சலவை அறை, மூன்றாம் செமஸ்டர்

கவுனாஸ் விடுதியின் நிலவறையில்
நான்கு சலவை இயந்திரங்கள், ஒன்று எப்போதும் பழுது.
கதவோரம் ஆணியில் ஒரு நோட்டு,
நூலில் கட்டிய பென்சில்.

"இதைத்தான் மென்பொருளாக்கப் போகிறோம்" என்றான் தொமாந்தாஸ்.
தேவை ஆவணம் இருபத்தாறு பக்கம்:
பயனர் நேரத்தைத் தேர்வார்.
பயனர் உறுதி செய்வார்.
ஒரே நொடியில் இருவர் அழுத்தினாலும்
ஒருவருக்கே கிடைக்கும்படி
உக்னே இரண்டு இரவு விழித்துப் பூட்டுப் போட்டாள்.

சோதனைத் தரவுக்காக
நோட்டைப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தது நான்.
செவ்வாய், ஏழு மணி: அறை 412.
அதன்மேல் ஒரு கோடு. ஓரத்தில்,
"நாளை நேர்முகம். வெள்ளைச் சட்டை ஒன்றுதான் இருக்கிறது."
கீழே வேறு கையெழுத்து: "எடுத்துக்கொள்."
அதற்கும் கீழே, வெள்ளிக்கிழமைக்கு நேராக,
"கிடைத்ததா?"
பதில் இல்லை.
வேலையைக் கேட்டதா, சட்டையைக் கேட்டதா,
அதுவும் தெரியவில்லை.

எங்கள் அட்டவணையில் நான்கு நெடுவரிசை.
இதை எதில் போட?
"விடு, அது டேட்டா இல்லை."
விட்டுவிட்டேன்.

பத்துக்கு ஒன்பது.
பூட்டைப் பற்றிப் பேராசிரியர் இரண்டு முறை கேட்டார்,
உக்னேவின் காது சிவந்தது.

பிப்ரவரியில், ஜன்னல் உயரத்துக்குப் பனி கிடக்க
சர்வர் படுத்துவிட்ட இரவு,
வாளியோடு கீழே இறங்கினேன்.
ஆணி இருந்தது. நோட்டு இல்லை.
சுவரில் யாரோ எழுதியிருந்தார்கள்:
"எட்டு மணி என்னுடையது.
அவசரமென்றால் கதவைத் தட்டு. 412."

வாளியை வைத்துவிட்டு
இயந்திரத்துக்கு அடியில் கைவிட்டுத் துழாவினேன்,
பென்சிலுக்காக.