பல் தெரிய

"பல் தெரியச் சிரிங்க" என்றார் அபர்ணா மேடம்,
இரண்டாம் நாள், மதியச் சோற்றுக்குப் பிறகு.
இருபத்தேழு பேரும்
துப்பட்டா நுனியைத் தேடினோம்.

மேடத்துக்குக் கோயம்புத்தூர். சிறுவாணித் தண்ணீர்.
அவருக்குத் தெரியாது,
பென்னாகரம் பக்கம் பெண்கள் சிரிப்பது கண்ணால் என்று.
முந்நூறு அடி இறங்கிப் போர்வெல் எடுத்து வருவது
தண்ணீரை மட்டுமல்ல,
எங்கள் முன்பல்லின் நிறத்தையும்.
காவிக்கல் நிறம். சிலருக்குச் சுண்ணாம்புக் கோடு.
அப்பாவுக்கு அது கழுத்தெலும்பு வரை போய்விட்டது.
"மாதையா" என்று யாராவது கூப்பிட்டால்
முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பார்.

திட்டத்தின் பேர் பேனரை விட நீளம்.
நாற்பத்தைந்து நாள், இலவசம், ஒருவேளைச் சோறு, பஸ் காசு,
மெரூன் கோட்டு ஒன்று.
முடித்தால் ஓசூர்ப் பக்கம் கம்பெனி வேலை;
"வாய்ப்பு" என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது.
ஏதோ நாட்டிலிருந்து பணம் வருகிறதாம்.
அங்கிருந்து ஒருவர் வந்தார் ஒருநாள், சிவந்த காதோடு.
எங்கள் நடுவில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.
அவர் பல்லும் மஞ்சள்தான்.
பொன்மலர் என் தொடையைக் கிள்ளினாள்.

பொன்மலருக்குப் பல் முத்து.
சித்தேரி மலைமேல் ஊற்றுத் தண்ணீர்.
"உனக்கென்னடி" என்றேன்.
நாலு நாள் அவள் என்னோடு பேசவில்லை.
முதலுதவி வகுப்பில்
ஸ்ட்ரெச்சரை எப்படிப் பிடிப்பது என்று காட்டியபோது
"கம்பை விட இது சுலபம்" என்றாள்.
அவள் அக்காவைத் தூளி கட்டித்தான் இறக்கினார்களாம், பிரசவத்துக்கு.
பாதி வழியில்
தூளி சத்தம் போடுவதை நிறுத்திவிட்டதாம்.
அன்றைக்கு மேடம் வகுப்பைச் சீக்கிரம் முடித்தார்.

பிறகு லென்ஸ் பாடம்.
வெள்ளை வெளேரென்ற போன் மூடிகள்.
விளக்கடியில் சாய்த்துப் பார்க்க வேண்டும்,
கீறல், குமிழி, கறை.
"ஒரு புள்ளி பழுப்பு இருந்தாலும் ரிஜெக்ட்."
வகுப்பிலேயே நான்தான் வேகம்.
பழுப்பைக் கண்டுபிடிக்க
எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடையாள அட்டைக்குப் போட்டோ,
தருமபுரி பஸ் ஸ்டாண்டு எதிரே ஸ்டூடியோவில்.
வாயை மூடித்தான் உட்கார்ந்தேன்.
"சிரிம்மா, வேலைக்குப் போற மூஞ்சியா இது?"
ஏமாந்து சிரித்த அந்த ஒரு நொடியை
அவன் பிடித்து வைத்துக்கொண்டான்.
மவுசை நாலு தரம் தேய்த்தான்.
எட்டுக் காப்பி. எட்டிலும்
யாரோ ஒருத்தியின் பல், என் வாயில்.
அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.
நல்லவன்தான்.

கம்பெனி வாசல். விடியாத பனி.
செக்யூரிட்டி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இது நீதானா?"
வாயைத் திறந்து காட்டினேன்.
அவர் கேட்டதென்னவோ
கொண்டைக்குள் போய்விட்ட சடையைப் பற்றி.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார்.
"எந்த ஊரு?" என்றபோதுதான் கவனித்தேன்,
அவர் வாயிலும் அதே காவிக்கல்.
"உள்ள போ" என்றார், பாப்பாரப்பட்டிக்காரர்.

ராத்திரி ஹாஸ்டல் மொட்டைமாடி.
சிக்னல் பிடித்து வீட்டுக்கு வீடியோ கால்.
தம்பிக்கு ஏழு வயசு,
பால்பல் இரண்டு விழுந்து புதுசு முளைக்கிறது.
காவிரித் தண்ணி இப்போது தெருக்குழாயிலேயே வருகிறது,
வாரத்துக்கு ரெண்டு நாள்.
மீதி நாளுக்கு எது என்று கேட்டால்
அம்மாவுக்கு அந்தக் கேள்வி மட்டும் காதில் விழாது.

"டேய், வாயைத் திற.
இன்னும்.
லைட்டுக்கு நேரா வா."

திறந்தான்.
படம் அப்படியே நின்றுவிட்டது,
கட்டம் கட்டமாக,
ஈறில் ஒரு குருணை அரிசி.
வெள்ளையா, பழுப்பா?
போனைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறேன்,
நாளெல்லாம் பார்த்த கண்ணால்.