இடம் மாறி நிற்றல்

கவாலா பொது மருத்துவமனையின் நிலவறையில்
கொதிகலனுக்குப் பக்கத்து அறை என்னுடையது.
மருத்துவர்கள் பேசி அனுப்புவதைக்
காதில் மாட்டிக்கொண்டு தட்டச்சு செய்வேன்.
பதினோரு வருஷம்.
மூச்சு வாங்கும் குரல், எதையோ மெல்லும் குரல்,
நடுவில் காப்பி சொல்லும் குரல்.
அதையும் ஒருமுறை அடித்து அனுப்பிவிட்டேன்:
"கல்லீரல் வழக்கமான அளவு, சர்க்கரை வேண்டாம்."

வெளிநாட்டு மருத்துவர்களுக்கு இவையெல்லாம்
கண்ணாடி அலமாரிச் சொற்கள்.
கிரேக்கர்களுக்கு அந்தத் தூரம் கிடையாது.
தொண்டையில் வீங்கும் டான்சில் எங்களுக்குப் பாதாம்தான்,
கடையில் கால் கிலோ வாங்குகிற பாதாம்.
நோய் எப்படிப் போகும் என்பதற்கான சொல்லைத்தான்
தொலைக்காட்சியில் வானிலைக்காரியும் சொல்கிறாள்:
ப்ரோக்னோசி, வடகாற்று, படகுகள் கிளம்பவேண்டாம்.
நண்டுக்கு மட்டும் இரண்டு பெயர் வைத்திருக்கிறோம்.
மீன்கடையில் ஒன்று.
ராசிக்கட்டத்திலும் ஐந்தாம் மாடியிலும் மற்றது.
ஐந்தாம் மாடிக்குப் போனவர்கள்
ராசிபலன் படிப்பதை விட்டுவிடுகிறார்கள்.

செவ்வாய்க்கிழமை காதில் மருத்துவர் இயோகாஸ்தி.
பல்கேரியாவில் படித்தவர், புள்ளி வைக்காமல் பேசுவார்.
"ஆண், ஐம்பத்தெட்டு, வீடு மாற்றும் தொழில்,
முதுகுவலி என்று முறையிடுகிறார்,
இரவு வியர்வையை மறுக்கிறார்,
எடை குறைந்ததை மறுக்கிறார்."
எப்போதும் இப்படித்தான் எழுதுகிறோம்,
ஆளைக் கூண்டில் ஏற்றிவிட்டு.
"கோரி இரண்டும் சமம், ஒளிக்குச் சுருங்குகின்றன,
இதைக் கேட்டு நோயாளி சிரிக்கிறார்,
வேண்டாம், அதை எழுதாதே."

ஏன் சிரித்தார் என்று எனக்குத் தெரியும்.
கண்ணின் பாவைக்கும் பெற்ற பெண்ணுக்கும்
எங்களிடம் ஒரே சொல்.
அவருக்குத் த்ராமாவில் இரண்டு பெண்கள்.
ஒருத்தி பேசுவதில்லை,
ஒருத்தி நிறுத்துவதில்லை.

சாராந்திஸ்.
என் குளிர்பெட்டியைத் தூக்கியவர்.
மூன்று வருஷம் முன்பு, விவாகரத்து முடிந்த வாரம்,
லிஃப்ட் இல்லாத நாலு மாடி,
வார்ப்பட்டையால் அதை முதுகோடு கட்டிக்கொண்டு
படிக்கொரு சாபம் விட்டபடி ஏறினார்.
எதைத் தொடும்முன்பும் கேட்பார்: "கனமா?"
கல்யாண ஆல்பம் இருந்த பெட்டிக்கு
நான் பதில் சொல்லவில்லை.
தானே தூக்கிப் பார்த்து "ம்" என்றார்.
லாரியின் பக்கவாட்டில் நீலத்தில் ஒரு சொல்:
மெத்தாஃபொரேஸ்.
ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குச் சுமந்துபோவது.
கவிஞர்கள் அதே சொல்லை வேறெதற்கோ வைத்திருக்கிறார்களாம்.
அவர்கள் யாரும் அன்று
குளிர்பெட்டிக்குக் கைகொடுக்க வரவில்லை.

"இடுப்பின் மூன்றாவது முள்ளெலும்பில்"
குரல் முதல்முறையாக நிற்கிறது,
"மெத்தாஸ்தாசி."

ஒன்பது எழுத்து.
பிரித்தால் பயப்பட ஒன்றுமில்லை:
இடம் மாறி நிற்றல்.
யாரோ நுரையீரலைக் காலி செய்யாமலே
இன்னொரு வீடு பார்த்து
அந்த முதுகுக்கே குடிவந்திருக்கிறார்கள்,
ஒரு பெட்டியைக்கூட
அவரைத் தூக்கச் சொல்லாமல்.

அடித்தேன்.
ஒலியைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டேன்.
பிழை இல்லை.

அறிக்கைகள் வாங்குமிடமும் என் சன்னல்தான்.
வியாழனன்று அவரே வந்தார்.
மேலே சொல்லியிருப்பார்கள்,
அல்லது சொல்லவில்லை;
முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை.
மேடைமேல் பழுப்பு உறை.
"கனமா?"
"இரண்டு தாள்," என்றேன். "அப்புறம் படம்."

கால்களை அகட்டி நின்றார்.
புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்குக் காட்டுவாரே, அப்படி,
முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து
இரண்டு கையாலும்
உறையைத் தூக்கினார்.

நான் சிரித்துவிட்டேன்.

தலைக்குமேல் காற்றுச் சன்னலில்
லாரியின் சக்கரங்கள் மட்டும் தெரிந்தன,
ஆம்புலன்ஸ் நிற்கவேண்டிய இடத்தில்.
எடு, எடு என்று
காவலாளி கத்திக்கொண்டிருந்தான்.