நான்காவது வாரம்

பல்செட்டு செய்வது என் தொழில்.
பகலெல்லாம் பிறர் வாய்க்கு அளவெடுத்துவிட்டு
இரவில் கைகழுவி, ஈரம் போகத் துடைத்து,
ஆயிரத்து எழுநூற்று எழுபத்தொன்றைப் பிரிப்பேன்.

நாரிச் நகரத்து வாரத்தாள். நாலே பக்கம்.
மூலையில் ஒரு பென்னி வரியின் சிவப்பு முத்திரை.
ஸகரமெல்லாம் ஃபகரம்போல் வளைந்திருக்கும்;
சில்க்கை ஃபில்க் என்றே வெகுநாள் படித்தேன்.

நூறு வருஷத்துத் தாள் தொட்டால் உதிர்கிறது.
இதுவோ இன்னும் சலவைத்துணி போல் மடங்குகிறது.
மரமில்லை, கந்தல் என்றார் விற்கிற மிசஸ் கூபிட்.
யார் யாரோ உடுத்தி ஓய்ந்த சட்டைகளை
ஊறவைத்து, இடித்து, கூழாக்கி வார்த்தது.

அரசர் செய்தி எனக்கு வேண்டாம். போரும் வேண்டாம்.
பார்லி விலைக்கும் காணாமற்போன பசுவுக்கும் கீழே
மூன்றாம் பக்கத்து அடியில் இருந்தான் அவன்:

"ஓடிப்போனான். ஜாபெஸ் தர்ட்டில், வயது பதினாறு.
விக் செய்யும் கேதர்கோலிடம் தொழில் பழகியவன்.
அம்மைத்தழும்பு முகம். இடதுகால் சற்றே இழுக்கும்.
முழங்கையில் ஒட்டுப்போட்ட லினன் சட்டை.
பிடித்துத் தருவோருக்கு அரை கினி.
சோறுபோட்டு ஒளிப்போர்மேல் வழக்கு."

அடுத்த வாரத் தாளும் அகப்பட்டது. அதே வரிகள்.
மூன்றாம் வாரம், பரிசு ஒரு கினி.
இழுக்கும் காலோடு
எவ்வளவு தூரம் போயிருக்கிறான் பார்!

நான்காவது வாரம் கிடைக்கவில்லை.
பதினோரு வருஷம்.
லீட்ஸில் ஏலம், யார்மத்தில் வீடு காலிசெய்யும் விற்பனை,
டிரங்குப்பெட்டிகளின் அடியில் விரித்த தாள்கள்.
இடையில் ஒரு கல்யாணம் முறிந்தது.
அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

போன மார்ச், நல்ல மழை, கூபிட்டின் போன்.
ஓடினேன்.
தேதி சரி. முத்திரை சரி.
மூன்றாம் பக்கத்து அடியில்
நாலுவிரல் அகலத்துக்கு ஒரு சதுர ஓட்டை.
பழைய வெட்டு; ஓரமே பழுத்திருந்தது.
பின்பக்கம் மிஞ்சிய எழுத்தைக் கூட்டிப் பார்த்தால்
அங்கே இருந்தது காலாணிக் களிம்பு.

எதற்காக வெட்டினார்கள்? களிம்புக்கா, கினிக்கா?
அல்லது ஏதோ சத்திரத்தில், யாரும் பாராத நேரம்,
தர்ட்டிலே கத்தரி இரவல் வாங்கி...
அவனுக்கு இரண்டு பக்கமும் வேண்டியதுதான்.

"குறைபட்ட சரக்கு, பாதி கொடு போதும்" என்றார்.
முழுசாய்க் கொடுத்து
ஐந்தாவது வாரத்துக்கும் சொல்லிவைத்தேன்.

வீட்டில் விளக்கெதிரே தூக்கிப் பிடித்தேன்.
ஓட்டை வழியே என் கழுவாத கோப்பை தெரிந்தது.
ஓட்டைக்குச் சற்று மேலே, கூழாக மறுத்த
ஒரு நூலிழை.

நாலு வாரத்தில் சட்டை தாளாகாது.
தெரியும்.
இருந்தாலும் தடவிப் பார்த்தேன்.