ரிலேயின் சாட்சி

வெளியே மைனஸ் இருபத்து நான்கு.
பிடிபட்ட திருடனை இழுத்துவருகிற மாதிரி
வெய்யோ அந்த வால்வு ஆம்பை இழுத்துவந்து போட்டான்.
"தானாகவே சேனல் மாறுகிறது, துய்ரே.
பில்லில் அப்படியே எழுதிக் கொடு.
சென்யாவிடம் காட்ட வேண்டும்."

குளிரிலிருந்து வந்த இரும்புக்கு உள்ளெல்லாம் வியர்க்கும்,
உடனே சுவிட்சைப் போடக் கூடாது.
அது உலர்கிற வரை அவன் காப்பி குடித்தான்.
ஹாபயார்வி நடனக் கூடம், சனிக்கிழமை,
மெதுவான வால்ட்ஸ், எழுபது ஜோடி.
சென்யா மூச்செடுத்த சின்ன இடைவெளியில்
க்ளீனிலிருந்து லீடுக்குத் தாவியது.
மரம் அறுக்கும் ஆலைக்குள் கதவைத் திறந்தாற்போல் சத்தம்.
ஜோடிகள் நின்றுவிட்டன.
அவள் மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு
கடைசி பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விட்டாள்.
அதற்கு முந்தின வாரம்தான்
வேறு குழுவுக்குப் போகிறேன் என்றிருந்தாளாம்.
இது கடைசி மடக்கில் வந்தது.

அவனை அனுப்பிவிட்டுப் பின்பலகையைக் கழற்றினேன்.
பிளக்கைப் பிடுங்கிய பிறகும்
கெபாசிட்டருக்குள் நானூறு வோல்ட் விழித்திருக்கும்.
ரெசிஸ்டர் வைத்து வடித்தேன்.
பிறகு பிளக்கைச் செருகி,
இடது கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு
பெடலை மிதித்தேன்.
டக். லீட்.
டக். க்ளீன்.
நூறு தடவை, இருநூறு தடவை,
டாக்டரைக் கண்டதும் போய்விடுகிற பல்வலி.

கம்பளி ஒன்றைப் போர்த்தி வேகவைத்தேன்.
ஐம்பதாவது நிமிடம் லீடில் இருந்தது
சத்தமில்லாமல் க்ளீனுக்குச் சரிந்தது.
ரிலேக்கு ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில்
இரண்டுகூட இல்லை.
மரக்குச்சியால் ஒவ்வொரு பாகமாகத் தட்டிக்கொண்டு வந்தேன்.
ரெகுலேட்டரின் நடுக்காலைச் சுற்றி, ஈயத்தில்,
மயிரிழை மோதிரம் போல ஒரு விரிசல்.
சூடேறினால் விலகுகிறது, ஆறினால் சேர்கிறது.
பற்றவைத்தேன். ரிலேயையும் மாற்றினேன்.

அத்தோடு முடித்திருக்கலாம்.
சர்க்யூட் படத்தை மடிக்கப் போனவள்
மடிக்காமல் உட்கார்ந்துவிட்டேன்.
சுருளில் மின்சாரம் ஓடினால் லீட்.
நின்றால் க்ளீன்.
இந்த விரிசலால் அலறலை நிறுத்தத்தான் முடியும்.
தொடங்க முடியாது.

அவனுக்காக இன்னும் தேடினேன்.
பெடல் கேபிளில் ஒரு ஷார்ட் இருந்தால் போதும்,
மிதிக்காமலே லீட் விழும், வெய்யோ பிழைத்தான்.
ஐந்து மீட்டரையும் சாண் சாணாக வளைத்தேன்.
மீட்டர் ஒருமுறைகூடக் கூவவில்லை.
ஜாக்கைத் திறந்தேன். சுத்தம்.
டிரான்சிஸ்டர் கசிகிறதோ என்று
ஹேர் டிரையர் காட்டினேன், குளிர் ஸ்ப்ரே அடித்தேன்.
மணி பதினொன்று.
அது கல் மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை வந்தான். பில்லை நின்றபடியே படித்தான்.
ரெகுலேட்டர் காலில் விரிசல், பற்றவைக்கப்பட்டது.
ரிலே புதிது. அறுபத்தெட்டு யூரோ.
"தானாக மாறுகிறது என்று போடவில்லையே?"
"மாறியது, நானே பார்த்தேன். போடுகிறேன்.
எந்தப் பக்கம் மாறியது என்பதையும் சேர்த்துப் போட வேண்டும்."

பூட்ஸில் ஒட்டிய பனி உருகி
தரையில் சின்னக் குட்டை கட்டியது.
அதையே பார்த்துக்கொண்டிருந்தான், வெகு நேரம்.
பில்லை நான்காக மடித்துப் பர்ஸுக்குள் செருகினான்.
"பெடல் இல்லாமலும் இது வேலை செய்யும்தானே?"
"செய்யும். க்ளீனிலேயே நிற்கும்."

ஆம்பை மட்டும் தூக்கிக்கொண்டு போனான்.
மேஜையில் விட்டுப்போன பெடல்
இன்னும் இங்கேதான் கிடக்கிறது.
மற்ற ஆம்புகளைச் சோதிக்க எடுத்துக்கொள்கிறேன்.
நல்ல பெடல்.
மிதித்தால் மட்டும்தான் மாறும்.