எந்த விளக்கு?

ருஸ்தாவிச் சந்தையில் வாங்கினேன்.
பதினான்கு வயது பென்ஸ்.
தோல் இருக்கையில் யாரோ ஒருவரின் இடுப்புப் பள்ளம்.
சாவியைத் தந்தவன்
கதவை நான்கு முறை சாத்திக் காட்டினான்,
சத்தம் கேளுங்கள், சத்தம்.

திபிலிசிக்கு ஏறும் முதல் மேட்டில்
மஞ்சளாய் எரிந்தது அந்தச் சின்ன எஞ்சின்.

நுக்ரி கருவியைச் சொருகினான்.
ஆக்சிஜன் சென்சார் என்றது.
இருநூற்று முப்பது லரி.
ஒன்பது நாள் சமர்த்து.
பத்தாம் நாள், மழையில், பாலத்தின் நடுவே
மறுபடி.

ஸ்பார்க் பிளக். பெட்ரோல் மூடி.
பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால்
நாலு நாளைக்கு மறதி.
"வண்டி ஓடுகிறதல்லவா,
அதைப் பார்க்காதே" என்றான் மச்சினன் தெங்கிஸ்.
அவன் ரத்த அழுத்தத்தையும் அப்படித்தான் வைத்திருக்கிறான்.

கடைசியில் நுக்ரி
எஞ்சினின் மூச்சுக்குழலுக்குள் புகை விட்டான்.
காத்திருந்தோம்.
கை துடைக்காமலே ரொட்டியைப் பிய்த்து
பாதியை என்னிடம் நீட்டினான். தின்றேன்.
அப்போது அடிவயிற்றில்,
விரல் நுழையாத இடுக்கில்,
நூல் பருமனில் எழுந்தது புகை.
ரப்பர் குழாயில் நகக்கீறல் அளவு வெடிப்பு.
பன்னிரண்டு லரி.

வீட்டில் டாஷ்போர்டைத் துடைக்கும்போது
விளக்கு இருக்கும் இடத்துக்கு நேர்மேலே
கண்ணாடியில் துணி ஒட்டியது.
சதுரமாய்ப் பழைய பசை.
கறுப்பு டேப்பால் அதை மூடிவிட்டு
எத்தனை வருடம் ஓட்டினாரோ
அந்த இடுப்புக்காரர்.

இருபது நாளாய் விளக்கு இல்லை.
மேடு வந்தால் என் கண் மட்டும்
அந்தச் சதுரத்துக்குப் போய்வருகிறது.

விற்றவனை அழைத்துக் கேட்டேன்.
"எந்த விளக்கு?" என்றான்.